கூட்டக் குறிப்பும் கூட்டு ஒப்பந்தமும்

கிளிநொச்சி மாவட்டத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் பணியாற்றிய காலத்தில், ஊழியர் பேரவைக் கூட்டங்களின் குறிப்பை எழுதுவது என் பொறுப்பாக இருந்தது. ஒவ்வொரு தையல் வரிசையிலிருந்தும் தெரிவான தொழிலாளப் பிள்ளைகள் ஒரு பக்கமும் முகாமைத்துவத்தினர் மறுபக்கமும் இருந்து, சாப்பாட்டின் தரம், குடிதண்ணீர், விசுவமடுப் பக்கம் போகும் பேருந்தின் தாமதம் முதலானவற்றைப் பேசுவார்கள். பெரும்பாலானவற்றுக்குத் தீர்வும் கிடைக்கும். ஒரு மணித்தியாலத்தில் இத்தனை உருப்படி தைக்கவேண்டும் என்ற மணித்தியால இலக்கைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும், அது உற்பத்திப் பிரிவுக்குரிய விடயம் என்று பதில் வரும்.

வன்னியில் தையும் மாசியும் பெரும்போக அறுவடைக் காலம். வெட்டுவதற்கு இயந்திரம் வந்துவிட்டாலும், நெல்லைக் காயவிடவும் மூட்டை கட்டவும் வீட்டில் ஆள் வேண்டும். போரில் கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு அந்த ஆள் அவள்தான். ஒரு நாள் வராவிட்டாலே அந்த மாதத்து வருகைக் கொடுப்பனவு முழுவதும் போய்விடும் என்பதால், முன்கூட்டி அறிவித்து எடுக்கும் ஒரு நாள் விடுப்புக்காக அதை வெட்டுவதில்லை என்று ஒரு வருடம் பேரவையில் இணங்கிக்கொண்டார்கள். நான் எழுதினேன், இரு தரப்பும் கையொப்பமிட்டன. மறு வருடம் முகாமையாளர் மாறினார், கொடுப்பனவு வெட்டப்பட்டது. குறிப்பின் பிரதியோடு வந்த பிள்ளைகள், "போன வருசம் நீங்கள்தானே மிஸ் எழுதினீங்கள்?" என்று கேட்டார்கள். அது வெறும் கூட்டக் குறிப்புத்தான் என்று முகாமைத்துவம் சொன்னது, சட்டப்படி பார்த்தால் பெரிதும் சரியாகவே இருந்தது.

1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தை ஒழுங்காக வாசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்தச் சட்டத்தின்படி, வேலை நிபந்தனைகள் பற்றித் தொழில்தருநர் தரப்பும் தொழிலாளர் தரப்பும் கையொப்பமிட்ட கூட்டு ஒப்பந்தம் ஒன்று தொழில் ஆணையாளருக்கு அனுப்பப்பட்டு வர்த்தமானியில் வெளிவந்ததும், அதன் நிபந்தனைகள் அதற்குக் கட்டுப்பட்ட ஒவ்வொரு தொழிலாளியின் வேலை ஒப்பந்தத்துக்குள்ளும் தாமாகவே புகுந்துகொள்கின்றன. முகாமையாளர் மாறினாலும் அவை மாறுவதில்லை. என்னை வியக்க வைத்தது இன்னொன்று. அத்தகைய ஒப்பந்தத்தைச் செய்வதற்குப் பதிவுபெற்ற தொழிற்சங்கம் இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தொழில்தருநரும் தொழிலாளர்களும் நேரடியாகவும் அதைச் செய்யலாம். பேரவை மேசையில் இருந்த எவருக்கும், என்னையும் சேர்த்து, அது தெரிந்திருக்கவில்லை. தெரிந்தவர்கள் யாராவது இருந்திருந்தாலும் சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அந்த வழியில் தொழில்தருநரை மேசைக்கு இழுக்க முடியாது. அவர் விரும்பினால்தான் உண்டு. மறுக்க முடியாத நிலைக்கு அவரைக் கொண்டுவருவது அதே சட்டத்துக்கு வந்த 1999 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கத் திருத்தம். எந்தத் தொழிலாளர்களுக்காகச் சங்கம் பேச வருகிறதோ அவர்களில் 40 சதவீதத்தினரையேனும் அது உறுப்பினராகக் கொண்டிருந்தால், பேச மறுப்பது நியாயமற்ற தொழில் நடவடிக்கையாகும். 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஆயிரம் பேர் வேலைசெய்யும் இடத்தில் அந்த ஏழு பேர் நானூறு பேராக வளரும் வரைக்கும், முகாமைத்துவம் அவர்களோடு பேசவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எந்தக் கூட்டத்துக்கு யார் போனார் என்பது மறுநாள் ஊருக்கே தெரிந்துவிடுகிற, ஒரு வீட்டின் நுண்நிதிக் கடன் தவணை முழுவதும் ஒரு பிள்ளையின் சம்பளத்தில் தங்கியிருக்கிற எங்கள் பகுதியில், அந்த இடைவெளி மிக நீளமானது. இந்த அளவுகோல் அதிகம் என்றும், 40 சதவீதத்தை எட்டாத சங்கங்கள் தம் உறுப்பினர்களுக்காகவாவது பேச இடமிருக்க வேண்டும் என்றும் சர்வதேச தொழில் அமைப்பின் நிபுணர் குழு பலமுறை கேட்டிருக்கிறது. சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பழிவாங்கப்பட்டால்கூட நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரும் அதிகாரம் தொழில் திணைக்களத்துக்கு மட்டுமே உண்டு. சங்கம் நேராகப் போக முடியாது. என் பார்வையில், 40 சதவீதத்தைவிட இதுவே பெரிய குறை.

சம்பளத்தை உயர்த்தியது பேரம்பேசல் அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2016 இல் மாதம் 10,000 ரூபாயாகத் தொடங்கிய தேசியக் குறைந்தபட்ச வேதனம், 2021 இல் 12,500, 2024 இல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரி முதல் 30,000 என்று சட்டத்தாலேயே உயர்ந்தது. சட்டம் சம்பளம் தரும்போது சங்கம் எதற்கு என்று எங்கள் மேலதிகாரி ஒருவர் கேட்டதுண்டு.

அந்தக் கேள்விக்கு மலையகத்தில் விடை இருக்கிறது. 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு வன்னியில் வந்து குடியேறிய மலையகக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் தையல் வரிசைகளில் இருந்தார்கள். தோட்டத்தில் அம்மம்மாவின் சம்பளத் துண்டில் சங்கச் சந்தா வெட்டிய கதை அவர்களுக்குத் தெரியும். 2021 மார்ச்சில், தொழில்வாரியாகக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சம்பளச் சபை, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக நிர்ணயித்தபோது, கம்பனிகள் பல ஆண்டுகள் தொடர்ந்து வந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. கைக்கு வந்த தொகை கூடியது; ஆனால் நாளொன்றுக்கு எத்தனை கிலோ தேயிலைக் கொழுந்து பறிக்கவேண்டும் என்பதைப் பேசித் தீர்க்கும் ஏற்பாடு ஒப்பந்தத்தோடு போனது, பல தோட்டங்களில் கிலோவும் கூட்டப்பட்டது. சம்பளச் சபை தொகையை நிர்ணயிக்கும். அந்தத் தொகைக்கு எவ்வளவு வேலை என்பதை அது நிர்ணயிப்பதில்லை. கொழுந்துக் கிலோவும் மணித்தியால இலக்கும் ஒரே விடயந்தான்.

சங்கம் இல்லாத இடத்திலும் இலக்குப் பற்றிய முரண்பாடு சட்டப்படி ஒரு கைத்தொழில் பிணக்குத்தான். அதைத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடாக எழுதிக் கொடுக்கலாம். ஆணையாளர் இணக்கப்படுத்த முயலலாம். இணக்கம் வராவிட்டால் அமைச்சர் அதனை நடுத்தீர்ப்புக்கு அனுப்பலாம். நான் வேலையை விட்ட பின்னர், கேட்டு வந்த பிள்ளைகளுக்கு அந்த முறைப்பாட்டை எழுதிக் கொடுத்து வருகிறேன். சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் கேட்டு வருபவர்களே அதிகம். இலக்குக்காக வந்தவர்கள் மிகக் குறைவு, அவர்களிலும் பெரும்பாலோர் வேலையை விட்ட பிறகே வந்தார்கள்.