கொளுத்தும் வெயிலில் படம் மங்குவது ஏன்?

கடும் வெயிலில் 400 மி.மீ. லென்ஸில் எடுத்த படம் கூர்மையில்லாமல் வந்தால் பலரும் முதலில் ஃபோகஸைத்தான் சந்தேகிக்கிறார்கள். நல்ல லென்ஸைக் கொண்டுபோய் சர்வீஸுக்குக் கொடுப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் குற்றம் இடையிலுள்ள காற்றின் மேல். சூடேறிய தரையை ஒட்டிய காற்று அடர்த்தி குறைந்து மேலே எழும். குளிர்ந்த காற்றோடு அது கலக்கும் இடமெல்லாம் ஒளி சிறிது சிறிதாக வளையும். தார்ச்சாலையில் கானல் நீர் தெரிவதும் ஒளி வளைவதால்தான்.

எது காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி: கேமராவை ட்ரைபாடில் வைத்து, 1/2000 வினாடி ஷட்டரில் பத்துப் படங்களைத் தொடர்ச்சியாக எடுங்கள். படத்துக்குப் படம் வெவ்வேறு இடம் நெளிந்திருந்தால் காற்று. எல்லாப் படங்களும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் ஃபோகஸ்.

ஷட்டரை இன்னும் வேகமாக்கினாலும் இந்த நெளிவு போகாது, உறைந்துதான் நிற்கும். அதிகம் பயன் தருவது கிட்டப் போவது. நூறு மீட்டர் காற்றைப் பத்து மீட்டராகக் குறைத்தால் பாதிப் பிரச்சினைக்கு மேல் தீரும். அது முடியாத இடத்தில், தாரும் தகரக் கூரையும் குறுக்கே வராத கோணத்தைத் தேடுங்கள். சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஏசி ஓடும் காரின் ஜன்னல் வழியே எடுத்தாலும் இதே நெளிவு வரும். குளிர்ந்த லென்ஸை அப்போதுதான் வெளியே எடுத்திருந்தால் அதன் முன் மாட்டும் வெயில் மறைப்பான ஹுட்டுக்குள் காற்று சுழலும், ஹுட்டைக் கொஞ்ச நேரம் கழற்றி வையுங்கள். ஈரப்பதம் அதிகமுள்ள இடத்தில் கண்ணாடியில் நீரும் படியும். ஏசி அறையிலேயே கேமராவை ஜிப் பைக்குள் போட்டு மூடி, வெளியே வந்த பிறகு அரை மணி நேரம் பொறுத்துத் திறக்க வேண்டும்.

பெரும்பாலான கேமராக்களுக்கு இயங்கும் வரம்பு 40 டிகிரி செல்சியஸ். அது சுற்றுப்புற வெப்பம். வெயிலில் இருக்கும் கேமராவின் கறுப்பு உடல் அதைவிட வெகுவாகச் சூடேறும், ஆகவே வெள்ளைத் துணி போர்த்துங்கள். பேட்டரி சூடாக இருக்கும்போது சார்ஜ் போடவே கூடாது. சீக்கிரம் ஆறட்டும் என்று ஃபிரிட்ஜில் வைப்பதும் தவறு, வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும்.

ஒளியைப் படமாகப் பதியும் சென்சாரின் கணக்கு வேறு. ஏறக்குறைய 6 முதல் 8 டிகிரி ஏறும்போதெல்லாம், ஒளியே விழாதபோதும் அதில் சேரும் மின்னோட்டம் இரட்டிப்பாகும். நீண்ட நேரம் வீடியோ எடுத்த கையோடு இரவுப் படம் எடுத்தால் சிவப்பு, நீலப் புள்ளிகள் தெறிப்பது இதனால்தான். கேமராவை அணைத்து ஆறவிடுங்கள். நீண்ட நேரப் படங்களில் இந்தப் புள்ளிகளை நீக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை இயக்கினால், 30 வினாடிப் படத்துக்குப் பின் இன்னொரு 30 வினாடி இருட்டுப் படம் எடுத்துக் கழித்துக்கொள்ளும்.

உச்சி வெயிலில் திரையை நம்பி எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, வைக்காதீர்கள். போனில் எடுத்தால், சூடேறிய போன் தானாகவே திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், படம் இருட்டாக இருப்பதாகத் தோன்றும். படத்தின் இருள், வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எரிந்துபோன வெள்ளையில் மீட்க எதுவும் இருக்காது. நிழலை ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில்) ஓரளவு தூக்கிவிடலாம்.

எடிட்டிங்கில் தூசியால் வரும் மங்கலையும் அனலால் வரும் மங்கலையும் ஒன்றென்று நினைப்பதுதான் பெரிய தவறு. தூசிப் புகைமூட்டம் கான்ட்ராஸ்ட்டைத்தான் தின்கிறது, எடிட்டிங் மென்பொருளில் மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் கருவியில் அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் முழுப் படத்துக்கும் போட்டால் அருகிலுள்ள முகம் கறுத்து நிறம் ஏறிவிடும், தொலைவுப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கும் மாஸ்க் போட்டு 15, 20 அளவில் நிறுத்துங்கள். அனல் நெளிவு விவரத்தையே கலைக்கிறது. அதன் மேல் ஷார்ப்பனிங் ஏற்றினால் நெளிந்த விளிம்புகள்தான் பளிச்சென்று தெரியும். தொடர்ச்சியாக எடுத்ததில் நெளிவு குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஷார்ப்பனிங்கைக் குறைத்து, சிறிய அளவில் வெளியிடுவதே நல்லது.

சூடான அறையில் லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பகலில் படங்களைப் பொறுக்கி வைத்துவிட்டு, மொத்த எக்ஸ்போர்ட்டை இரவில் ஓடவிடுங்கள். லேப்டாப்பின் அடிப்பக்கம் காற்றுப் போகும்படி சற்று உயர்ந்திருக்கட்டும்.