கொலுசுப் பட்டறையில் வந்தியத்தேவன்

2025 ஜூலை 6, ஞாயிறு

எங்கள் சேலம் கல்கி வாசகர் வட்டத்துக்குப் புது ஆட்கள் வேண்டும். இன்றைய கூட்டத்தில் முழுக்க அதே பேச்சு. நோட்டீஸ் அடிக்கலாம், ஐந்து ரோட்டில் பேனர் கட்டலாம் என்றார்கள். 'பொன்னியின் செல்வன் ரசிகர்களே வாருங்கள்' என்று போட்டால் ஏற்கெனவே படித்தவர்கள்தான் வருவார்கள். படிக்காதவர்களை யார் கூப்பிடுவது? படம் வந்த 2022-ல் ஆசையாகப் புத்தகம் வாங்கி, முதல் பாகத்தோடு நிறுத்திவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். ஐந்து பாகம் என்றதும் மலைப்புத் தட்டிவிடுகிறது.

ஜூலை 9, புதன்

நோட்டீஸுக்கு வாசகம் எழுதினேன். கல்கி நம் பக்கத்தில் வாழ்ந்தவர் என்பதையே முதல் வரியாக வைத்தேன். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு இருந்து, மதுவிலக்குக்காக 'விமோசனம்' பத்திரிகையில் உழைத்தவர். அப்போது திருச்செங்கோடு சேலம் மாவட்டம்தானே! நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த அக்கா ஒருவரின் கொலுசுப் பட்டறைக்கு நோட்டீஸ் கொடுக்கப் போனேன். ஐந்தாறு பெண்கள் குனிந்தபடி வெள்ளி வளையம் கோத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நோட்டீஸைக் கையில் வாங்கவில்லை. "எங்கே கண்ணு படிக்கிறது? கண்ணும் கையும் இதுலயே இருக்குது. வேணும்னா நீயே படிச்சுச் சொல்லு" என்றார்.

படித்தேன். போனில் இருந்த நாவலின் முதல் அத்தியாயத்தையும் வாசித்தேன். ஆடிப் பதினெட்டு, வீரநாராயண ஏரி, குதிரை மேல் வரும் வந்தியத்தேவன். ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களை, அதாவது தண்ணீர் பாயும் மதகுகளை, அவன் எண்ணும் இடத்தில் ஒரு பாட்டி நிமிர்ந்து, "நிஜமாவா, அத்தனையா?" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த ஊரில் கை ஓயாமல் வேலை செய்பவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குக் காது சும்மாதான் இருக்கிறது. அம்மாபேட்டைப் பக்கம் விசைத்தறி சத்தத்தில் இது நடக்காது; வெள்ளிப் பட்டறைகளில் தாராளமாக நடக்கும்.

கல்கியின் எழுத்துகள் 1999-லேயே நாட்டுடைமை ஆகிவிட்டன. அத்தியாயம் அத்தியாயமாக நாமே வாசித்துப் பதிவு செய்து போனில் அனுப்பலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பதிவு யோசனைக்கு எல்லோரும் சரி என்றார்கள். சண்டை வந்தது இன்னொரு விஷயத்தில். பழைய உறுப்பினர்களுக்கு, நாவலில் வரும் நந்தினி பேச்சை எடுத்தால் நிற்காது. ஐந்தாம் பாகம் வரை கொட்டிவிடுவார்கள். புதிதாக வந்த ஒரு கல்லூரிப் பெண் போன மாதம் அப்படித்தான் வாடிய முகத்தோடு போனாள், அப்புறம் வரவேயில்லை. அன்றைக்கு வாசித்த அத்தியாயத்தைத் தாண்டி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சொன்னேன். வயதில் மூத்த ஒரு ஐயாவுக்குக் கோபம். "அப்ப நாங்க எதைப் பேசுறது?" என்றார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயுசு முழுக்க இந்தக் கதையோடு இருந்தவர். ஆனால் அவர் முதல்முறை படித்தபோது கிடைத்த திகைப்பு அந்தப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டாமா? கடைசியில் பழையவர்களுக்கு மாதம் ஒருநாள் தனியாக ஒதுக்கினோம். முதல் பதிவை அந்த ஐயா குரலிலேயே செய்யக் கேட்டோம். என்ன குரல்! பழுவேட்டரையர் பேச்சு வந்தால் கண்ணாடி அதிரும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மேட்டூரில் கூட்டம் நெரியும் என்று அங்கே போகவில்லை. பட்டறைக்குப் பக்கத்து மொட்டை மாடியிலேயே ஆளுக்கொரு சித்ரான்னம் கொண்டுவந்து உட்கார்ந்தோம். பட்டறைப் பெண்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பாட்டி, ஐயாவின் பதிவை இரண்டுமுறை கேட்டாராம். "அந்த ஆழ்வார்க்கடியானை நம்பலாமா, கூடாதா?" என்று அவரிடமே கேட்டார். ஐயா சிரித்துக்கொண்டே, "அடுத்த அத்தியாயம் கேளுங்கம்மா" என்றார்.

சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு ஏழு மணிக்கு மேல்தான் வர முடியும் என்கிறார்கள். கூட்டத்தைச் சனிக்கிழமை ஏழரைக்கு மாற்றியாயிற்று. நாளை மூன்றாவது அத்தியாயத்தைப் பதிவு செய்ய வேண்டும்.