கரையேறாத கப்பல்

குளச்சலில் அப்பா கட்டுமரம் தள்ளிய காலத்தில், மீனை இறக்கியதும் அடுத்த வேலை கட்டை அவிழ்ப்பதுதான். நீர் குடித்த தடிகளைத் தனித்தனியாக மணலில் கிடத்தி வெயில் காட்டுவார். காயாத மரம் மறுநாள் கனக்கும். அதனால்தானோ என்னவோ, சிங்கப்பூரில் என் வேலையைப் பற்றிச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது இதைத்தான்: "அந்தக் கப்பலை எப்போது கரையேற்றுவீர்கள், மக்களே?"

ஏற்றமாட்டோம் என்றேன். இருபது ஆண்டு கடலிலேயே நிற்கும். அவர் நம்பவில்லை.

பழைய எண்ணெய்க் கப்பலை, நடுக்கடலில் கிணற்று எண்ணெயைப் பிரித்துச் சேமிக்கும் மிதக்கும் ஆலையாக மாற்றுகிற கப்பல் யார்டு அது. 1977-இல் ஸ்பெயின் கடலில் ஷெல் நிறுவனம் நிறுத்திய காஸ்டெல்லான்தான் இந்த வகையில் முதல் கப்பல். அதுவும் பழைய டேங்கரே. புதிதாகக் கட்டுவதைவிடச் சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. 1989-இல் எக்ஸான் வால்டெஸ் என்ற டேங்கர் அலாஸ்கா கடலில் எண்ணெயைக் கொட்டிய பிறகு ஒற்றைச் சுவர்க் கப்பல்களை ஒதுக்கும் சட்டங்கள் வந்தன. அப்படி ஒதுங்கிய பெரிய டேங்கர்கள் சில உடைபடாமல் யார்டுகளுக்கு வந்தன. 330 மீட்டர் நீளம், இருபது லட்சம் பீப்பாய் எண்ணெய் கொள்ளும் உடம்பு.

நான் தகட்டின் தடிமன் அளப்பவன். வாயு இல்லை என்று சான்று கிடைத்த பிறகே டாங்கிக்குள் இறங்குவோம். உள்ளே இருட்டும் வேக்காடும்தான். எண்ணெய்க்கு அடியில் தங்கிய தண்ணீர் அரித்த குழிகள் அடித்தட்டில் அம்மைத்தழும்புபோல் கிடக்கும். அவற்றைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். மேல்தட்டின் உட்புறம்தான் ஏமாற்றும். சாரம் ஏறி, பெயிண்டைச் சுரண்டி, ஜெல் தடவி, மீயொலிக் கருவியின் முனையை வைத்து, வரும் எண்ணைச் சாக்பீஸால் தகட்டிலேயே எழுதுவோம்.

ஒருநாள் ஷிஃப்ட் முடியும் அவசரத்தில் சில இடங்களைச் சுரண்டாமல் அளந்துவிட்டேன். பெயிண்டில் ஒலி இரும்பைவிட மெதுவாகப் போகும். கருவிக்கு அது தெரியாது, தகடு தடிமனாக இருப்பதாகக் காட்டிவிடும். மறுநாள் கப்பலைச் சோதிக்கும் சர்வேயர் சாரம் ஏறி வந்து, நான் எழுதிய 14.1 மில்லிமீட்டரைப் பார்த்தார். சுரண்டச் சொன்னார். 12.7. மாற்ற வேண்டிய தகடு. அவர் திட்டவில்லை, அதுதான் கொடுமை. என் சாக்பீஸை வாங்கி, பழைய எண்ணை அடிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதிவிட்டு இறங்கிப் போனார்.

விடுமுறையில் வந்தபோது அப்பாவிடம் இதையும் சொன்னேன். வலைக்கண்ணைத் தைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தத் தகட்டை மாற்றினீர்களா?"

"மாற்றினோம்."

"அன்றைக்கு நீ அளந்த மற்றதெல்லாம்?"

"திரும்ப அளந்தேன். இரண்டு ராத்திரி."

ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று என்னிடம் நீட்டினார்.