பயற்றங்கொடியில் பிடித்த எறும்பு

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கனடாவில், ஸ்காபரோவில் மகள் வீட்டுக் குசினி யன்னலில் ஒரு பூச்சி இருந்தது. முக்கால் அங்குல நீளம், மண்ணிறம், நீண்ட கால்கள். மருமகன் அதைப் படமெடுத்துத் தொலைபேசியில் தேடினார். "மாமா, இது இரத்தம் குடிக்கிற பூச்சியாம். இருதய வருத்தம் வருமாம்" என்றார். மகள் பேரனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டாள்.

நான் கண்ணாடிக் குவளையால் அதை மூடி, அடியில் ஒரு தபாலட்டையைச் செருகினேன். பிறகு என் கைவில்லையை, அதாவது சின்னப் பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தேன். அந்தக் கைவில்லைக்கு நமது கல்லூரியில் ஒரு கதை இருக்கிறது. பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்ட தம்பிமாருக்கு இதைத்தான் தருவதாகச் சொன்னேன். கிரிக்கெட்டைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் உயர்தர விலங்கியல் படித்தேன். எங்கள் விலங்கியல் சேர் ஒரு கிழமை எல்லோரையும் பாடசாலைத் தோட்டத்துக்கு அனுப்பி, ஆளுக்கு மூன்று பூச்சி பிடித்து வந்து வரையச் சொன்னார். எனக்குச் சோம்பல். பயற்றங்கொடியில் கறுப்பாக ஓடித்திரிந்த மூன்று எறும்பை நெருப்புப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஒடுங்கிய இடுப்பு, பெரிய தலை, பரபரப்பு நடை என்று எல்லாமே எறும்புதான். வரைந்து, 'எறும்பு' என்று அடியில் எழுதியும் கொடுத்தேன்.

சேர் படத்தைப் பார்த்தார், நெருப்புப்பெட்டியைத் திறந்தார், ஒன்றும் சொல்லாமல் தன் கைவில்லையை என்னிடம் நீட்டினார்.

"வாயைப் பாத்தனியோ?"

பார்க்கவில்லை. பார்த்தபோது தாடையைக் காணவில்லை. தாடை இருக்கவேண்டிய இடத்தில் ஊசிபோல ஒரு குழாய் மடிந்து வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. எறும்பின் உணர்கொம்பு முழங்கைபோல முறிந்து வளைந்திருக்கும். இதில் அந்த முறிவு இல்லை, நாலே கணுக்கள். அது எறும்பே இல்லை, எறும்பு வேடம் போட்ட குஞ்சு. மூட்டைப்பூச்சி, நெல் வயலில் நாறும் பூச்சி எல்லாம் சேர்ந்த ஊசிவாய்க் கூட்டத்தைச் சேர்ந்தது. வளர்ந்தபின் வேடத்தைக் கழற்றிவிட்டு, குளவிபோல விருட்டென்று பறக்கும் மண்ணிறப் பூச்சியாகிவிடும். பெயர் ரிப்டோர்டஸ். பயற்றங்காயை வெளியிலிருந்தே குத்தி விதையை உறிஞ்சும், காய்க்குள் விதை சூம்பிப்போகும்.

அடுத்த நாள் சேர் வளர்ந்த பூச்சி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் குத்தி வைத்தார். பின்னங்கால் தொடை தவளைத் தொடைபோலத் தடித்திருந்தது. அதன் அடிப்புறத்தில் வரிசையாக முட்கள், பனைமட்டைக் கருக்குப் போல. கணைக்கால் வில்லாக வளைந்து அந்த முள்வரிசைமேல் மடிந்து பொருந்தியது. முப்பது பெடியன்கள் ஒரு கைவில்லைக்கு அடிபட்டோம். "முதல் வாய், பிறகு கால், நிறம் கடைசி" என்பார் சேர். நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்லுகிறவனை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. அந்தப் படத்துக்கு எனக்குக் கிடைத்தது பத்துக்குப் பூச்சியம். ஆனால் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது சேரிடம் விடைபெறப் போனேன். அப்போது அவர் தந்ததுதான் இந்தக் கைவில்லை.

சரி, குவளைக்குள் இருப்பதற்கு வருவோம்.

முதல் வாய். இரத்தம் குடிக்கும் ட்ரையட்டோமா பூச்சியின் ஊசி கட்டையானது, மூன்று துண்டு, முன்னங்கால்களுக்கு இடையிலேயே முடிந்துவிடும். இதன் ஊசி நாலு துண்டு, நெஞ்சின் அடியால் நீண்டு பின்னங்கால் அடிவரை போயிருந்தது. மரத்தில் காய்க்குள் இருக்கும் விதையை எட்டுவதற்கு அந்த நீளம் வேண்டும்.

பிறகு கால். ட்ரையட்டோமாவின் கால் வெறும் ஈர்க்கு. இதன் பின்தொடையிலோ ஒரு முள்வரிசை! ரிப்டோர்டஸை ஐம்பது வருடம் கழித்துச் சந்தித்த மாதிரி இருந்தது. ஆனால் கணைக்கால் வேறு. வளைவு இல்லை, நேராகப் போய், நடுவில் இருபுறமும் தட்டையாக விரிந்து ஒரு காய்ந்த இலையைக் கட்டிவிட்டதுபோல இருந்தது. ட்ரையட்டோமாவுக்கு அப்படி ஒரு இலை கிடையாது.

நிறம் கடைசி. சிறகின் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு, குறுக்கே வளைந்து வளைந்து போகிறது. வயிற்று விளிம்பில் வெளிர்நிறமும் கறுப்பும் மாறிமாறி வரும் வரி. தொலைபேசியை ஏமாற்றியது அந்த விளிம்புதான், ட்ரையட்டோமாவுக்கும் அப்படி ஒரு வரி உண்டு.

ஆக இது லெப்டோகுளோசஸ் ஒக்சிடென்டாலிஸ். பைன் மரக் கூம்பு விதைகளை உறிஞ்சுவது. குளிர் தொடங்கினால் வீட்டுக்குள் ஒதுங்கும், ஆனால் வீட்டில் முட்டையிடாது, நோயும் பரப்பாது. மருமகன் சொன்ன வருத்தம் உண்மையான வருத்தம்தான். பிரேசிலில் கார்லோஸ் சாகாஸ் 1909இல் கண்டுபிடித்துச் சொன்னது. அதைக் கொண்டுதிரிவது வேறு பூச்சி, அதுவும் கடியால் அல்ல, எச்சத்தால்.

இந்தப் பூச்சிக்கும் ஒரு புலம்பெயர் கதை இருக்கிறது. 1910இல் ஹைடமன் என்பவர் கலிபோர்னியாவில் கிடைத்ததை வைத்து இதற்குப் பெயரிட்டார். மேற்குக் கரையோடு இருந்தது, ஐம்பதுகளிலிருந்து கிழக்கே நகரத் தொடங்கி, எண்பதுகளில் ஒன்ராறியோவுக்கு வந்துவிட்டது. நம்மவர்கள் இங்கே வந்திறங்கிய அதே காலம்! 1999இல் இத்தாலி, 2007இல் இங்கிலாந்து. சங்கத்தின் லண்டன் கிளைக்காரர் யன்னலிலும் பார்த்திருப்பீர்கள்.

பெரிய கெட்டிக்காரன்போல எழுதுகிறேன், ஆனால் சறுக்கியும் இருக்கிறேன். இந்த ஆனி மாதம் மார்க்கம் நகரில் நம் வகுப்புத் தோழன் ஒருவன் வீட்டுத் தோட்டத்தில் இதேபோல ஒன்று இருந்தது. முள்ளுத் தொடை, இலைக் கணைக்கால். "அதேதான்ரா, பயப்பிடாதை" என்று தூரத்திலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். சிறகில் வெள்ளைக் கோடு இல்லை. உடல் இன்னும் தடிப்பு. உணர்கொம்பு முழுக்கக் கறுப்பு, கடைசிக் கணு மட்டும் செம்மஞ்சள், பற்றவைத்த ஊதுபத்தி நுனி மாதிரி. அது அகாந்தோசெஃபலா டெர்மினாலிஸ், இதன் ஒன்றுவிட்ட சகோதரன். காலோடு நின்றுவிட்டேன், மேலே பார்க்கவில்லை. "சேர் இருந்தா உனக்கு இப்பவும் பூச்சியம்தான்" என்றான். உண்மைதான்.

அந்த ஐப்பசி ஞாயிறன்று மகளைக் கூப்பிட்டுக் கைவில்லையால் காட்டினேன். பேரன் ஆறு வயதுக்காரன், குவளையில் மூக்கை வைத்துக்கொண்டு, "அம்மப்பா, இவருக்குக் காலில இலை முளைச்சிருக்கு" என்றான். குவளையைத் தூக்கும்போது பூச்சி என் விரலில் ஏறி மணத்தையும் விட்டுவிட்டது. பைன் பிசினும் பச்சை அப்பிளும் கலந்தது போல. எங்கள் வயல் பூச்சியின் நாற்றத்தோடு ஒப்பிட்டால் இது அத்தர். கராஜுக்குக் கொண்டுபோய் விறகு அடுக்குக்குள் விட்டேன். பறக்கும்போது சிறகுக்கடியில் மஞ்சளும் கறுப்பும் தெரிந்தன, தேனீபோல இரைந்தது. மகள் மறுபடி மாடிக்கு ஓடினாள்.