விளம்பரம், மக்கள் தொடர்பு: முதல் வேலைக்குப் போகிறவர்களுக்கு

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரித் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில், உறவினர் வீட்டுப் பிள்ளைகளோ நண்பர்களின் பிள்ளைகளோ, 'விளம்பரத் துறையில் சேர வேண்டும், யாரைப் பார்க்கலாம்' என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன். சென்னையில் இந்தத் தொழிலைச் செய்துவருபவன் என்ற அளவில்தான் என்னால் பேச முடியும். என் கருத்து ஒன்றுதான்: முதல் வேலையை நிறுவனத்தின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, ஒரு விளம்பரமோ ஒரு செய்தியோ பிறந்து, மாறி, வெளியாகி, அதற்குரிய பணம் வந்து சேரும் வரையிலான முழு வழியையும் பார்க்கக் கிடைக்கிற இடம் எதுவோ, அங்கே சேர வேண்டும்.

விளம்பரத்தையும் மக்கள் தொடர்பையும் கல்லூரிகளில் ஒரே தாளாகக் கற்பிப்பதால், இரண்டும் ஒரே வேலை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். விளம்பரத்தில் நாம் இடத்தையோ நேரத்தையோ காசு கொடுத்து வாங்குகிறோம். சட்டத்துக்கு உட்பட்டு அங்கே என்ன வர வேண்டும் என்பதை விளம்பரம் கொடுப்பவரே தீர்மானிக்கிறார். மக்கள் தொடர்பில் இடம் நம்முடையதன்று. செய்தியாளர் அதைச் செய்தி என்று ஏற்றுக்கொண்டால்தான் வெளியாகும், அதுவும் அவருடைய நடையில், அவர் விரும்பிய அளவில் வெளியாகும். விளம்பரத்துக்கு வேண்டிய பொறுமை வேறு, மக்கள் தொடர்புக்கு வேண்டிய பொறுமை வேறு. தாம் எழுதியது ஓர் எழுத்தும் மாறாமல் அச்சாக வேண்டும் என்று எண்ணுபவருக்கு மக்கள் தொடர்பு நாள்தோறும் வேதனையாகவே இருக்கும்.

படிப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். அகமதாபாத்தில் 1991இல் தொடங்கப்பட்ட மைகா என்ற கல்வி நிறுவனமும், தில்லியில் 1965 முதல் இயங்கிவரும் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனமும் இத்துறையில் நன்கு அறியப்பட்டவை. பின்னதில் விளம்பரத்துக்கும் மக்கள் தொடர்புக்குமென்றே முதுநிலைப் பட்டயப் படிப்பு உண்டு. சென்னையில் விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் படித்தவர்கள் நிறைய வருகிறார்கள். ஆனால், வழக்கறிஞருக்கோ மருத்துவருக்கோ இருப்பதைப் போன்ற பதிவோ உரிமமோ இத்தொழிலுக்குக் கிடையாது. நான் பி.காம். படித்துவிட்டு, ராயப்பேட்டையில் மாடிப்படிக்கு அடியில் பழைய செய்தித்தாள் கட்டுகளை அடுக்கிவைத்திருந்த ஒரு சிறிய விளம்பர ஏஜென்சியில் சேர்ந்தவன். கணக்குப் படித்தது வீண் போகவில்லை. எஸ்டிமேட்டையும் பில்லையும் படிக்கத் தெரிந்தவனை முதலாளி சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்வார்.

ஏஜென்சிக்குள் பொதுவாக மூன்று பக்கங்கள் உண்டு. வாடிக்கையாளரிடம் பேசி அவருக்கு என்ன வேண்டும் என்று வாங்கிவருவது கிளையன்ட் சர்வீசிங். அதை வாசகமாகவும் படமாகவும் ஆக்குவது கிரியேட்டிவ். எந்தப் பத்திரிகையில், எந்தப் பதிப்பில், எந்த அலைவரிசையில், எத்தனை முறை என்று திட்டமிட்டு இடத்தை வாங்குவது மீடியா. இவற்றோடு இப்போது டிஜிட்டல் பிரிவும் சேர்ந்து, பல இடங்களில் மற்ற மூன்றையும்விடப் பெரிதாக வளர்ந்து நிற்கிறது. வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் கிரியேட்டிவ் என்ற ஒன்றை மட்டுமே கேட்கிறார்கள். கிளையன்ட் சர்வீசிங் என்றால் முகத்தில் ஒரு சோர்வு தெரிகிறது. கடந்த 2025 அக்டோபரில் மறைந்த பியூஷ் பாண்டே, இந்திய விளம்பர உலகின் மிகப் பெரிய பெயர்களுள் ஒருவர், 1982இல் ஓகில்வி என்ற ஏஜென்சியில் சேர்ந்தது கிளையன்ட் சர்வீசிங்கில்தான். எழுதும் பக்கத்துக்கு அவர் போனது சில ஆண்டுகள் கழித்துத்தான். கடைக்காரர் எதற்குப் பயப்படுகிறார், எதற்குப் பணம் கொடுக்கத் தயங்குகிறார் என்பதை நேரில் பார்த்தவர் எழுதும் வாசகத்துக்கும், அறைக்குள் அமர்ந்து எழுதுபவரின் வாசகத்துக்கும் வித்தியாசம் உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

பெயரைப் பார்த்துச் சேராதீர்கள் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுவதும் அறியப்பட்டிருந்த ஜே. வால்டர் தாம்சன் என்ற ஏஜென்சியின் பெயர், 2018இல் அறிவிக்கப்பட்ட இணைப்பில் பாதியாகக் குறைந்து, 2023இல் அறிவிக்கப்பட்ட அடுத்த இணைப்பில் முழுமையாகவே மறைந்துபோனது. அதே நிறுவனத்திலிருந்து வெளியேறிய ஆர்.கே. சுவாமி 1973இல் சென்னையில் தொடங்கிய ஏஜென்சியோ 2024இல் பங்குச் சந்தைக்கு வந்தது. எந்தப் பலகை நிலைக்கும், எது கழற்றப்படும் என்பதை மும்பையில் இருப்பவர்களே முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. இருபத்தொரு வயதில் அதை வைத்து வாழ்க்கையைத் தீர்மானிப்பது எதற்கு?

சென்னை ஏஜென்சிகளுக்கு ஆண்டில் இரண்டு அறுவடைக் காலங்கள் உண்டு: ஆடித் தள்ளுபடி, தீபாவளி. புதிதாகச் சேர்ந்தவர் உண்மையில் தொழில் கற்றுக்கொள்வது அந்த வாரங்களில்தான். ஒரு நகைக்கடையின் முழுப்பக்க விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். பார்ப்பவர் கண்ணுக்கு நடிகையும் ஆரமும் மட்டுமே தெரியும். இரவு எட்டு மணிக்கு அந்தப் பக்கத்தின் புரூஃபை, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் படியை, கையில் வைத்திருப்பவருக்குத் தெரிவது வேறு. செய்கூலியில் தள்ளுபடியா, சேதாரத்தில் தள்ளுபடியா, அல்லது இரண்டிலுமா. தள்ளுபடி எல்லா நகைக்குமா, ஆன்ட்டிக் நகைக்குக் கிடையாதா. நட்சத்திரக் குறி போட்ட நிபந்தனை பக்கத்தின் அடியில் இருக்கிறதா, இருந்தாலும் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கிறதா. புதிதாகத் திறந்த கிளையின் தொலைபேசி எண் சேர்ந்திருக்கிறதா. மதுரைப் பதிப்பில் மதுரைக் கிளை முதலில் வருகிறதா. ஹால்மார்க் முத்திரை சரியான இடத்தில் இருக்கிறதா. இவ்வளவையும் பார்த்து முடித்த பிறகு, கடை முதலாளியின் மகன் தொலைபேசியில் அழைத்து, தமது தந்தையாரின் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்வார். அப்போது நிபந்தனை வரி தானாகவே இன்னும் சிறியதாகிவிடும். அதைக் கவனித்துத் தடுப்பதும் அந்தப் புதியவரின் வேலைதான்.

செய்தித்தாளில் இடம் சதுர செண்டிமீட்டர் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரே நாளிதழுக்குச் சென்னைப் பதிப்பில் ஒரு விலை, திருநெல்வேலிப் பதிப்பில் வேறு விலை. வாடிக்கையாளர் எஸ்டிமேட்டில் கையெழுத்திட்ட பிறகே ஏஜென்சி நாளிதழுக்கு ரிலீஸ் ஆர்டர், அதாவது விளம்பரத்தை வெளியிடச் சொல்லும் ஆணை, அனுப்ப வேண்டும். தொலைபேசியில் கேட்ட சம்மதத்தை நம்பி ஆர்டர் அனுப்பினால், பிறகு பில் வரும்போது 'நான் அரைப்பக்கம்தானே சொன்னேன்' என்ற பேச்சு வரும். மறுநாள் விளம்பரம் வந்த பக்கத்தை வாங்கி, பில்லோடு இணைத்து அனுப்புவதுடன்தான் அந்த வேலை முடிகிறது. பெரிய நிறுவனங்களில் இந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி ஆள் இருப்பார். சிறிய இடத்தில் எல்லாவற்றையும் ஒருவரே செய்ய வேண்டியிருக்கும். தொடக்கத்தில் அது சுமையாகத் தோன்றினாலும், இரண்டு தீபாவளிகளைப் பார்த்து முடித்தவர் எந்த ஏஜென்சிக்கும் போய் நிற்கலாம்.

தமிழில் எழுத வல்லவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தேசிய அளவிலான பிராண்டுகளின் விளம்பரங்கள் பெரும்பாலும் மும்பையிலோ பெங்களூரிலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ யோசிக்கப்பட்டு, படமும் எடுக்கப்பட்டு, உதட்டசைவுக்கு ஏற்பத் தமிழ் போட்டுத் தருமாறு கடைசி நாளில் சென்னைக்கு வருகின்றன. அந்த வேலையில் கை பழகுவது நல்லதுதான். ஆனால் அதிலேயே தங்கிவிட்டால், எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் சொந்தமாக ஒரு யோசனையை முன்வைக்கும் வாய்ப்பு வராது. இங்கேயே யோசித்து இங்கேயே விற்ற வரலாறு நமக்கு இல்லாமல் இல்லை. கடலூரில் 1983இல் சி.கே. ரங்கநாதன் சிக் ஷாம்பூவைத் தொடங்கியபோது, அவருடைய குழு ஊர் ஊராகச் சென்று, மக்கள் கூடிய இடத்தில் சிறுவர்களின் தலையில் ஷாம்பூ போட்டு அலசிக் காட்டியது. காலி சாஷே (சிறு பொட்டலம்) ஐந்து கொடுத்தால் ஒரு சாஷே இலவசம் என்ற திட்டத்தையும் கொண்டுவந்தது. சிகைக்காயும் சோப்பும் பழகிய வீடுகளுக்கு எது புரியும் என்று தெரிந்த ஒருவரிடமிருந்துதான் அந்த யோசனை வந்திருக்க முடியும். ஆகவே விளம்பர வாசகம் எழுதும் தமிழ் காப்பிரைட்டராகச் சேர்பவர்கள், வாடிக்கையாளர் சென்னையிலோ கோவையிலோ ஈரோட்டிலோ இருக்கிற நிறுவனமாகப் பார்த்துச் சேர்வது நல்லது. முடிவெடுப்பவர் நம் மொழியிலேயே படித்துப்பார்த்து, பிடிக்கவில்லை என்று சொல்வதில் இருக்கிற பயிற்சி வேறெங்கும் கிடைக்காது.

இனி மக்கள் தொடர்பு. தமிழ்நாட்டில் மக்கள் தொடர்பு அலுவலரைக் குறிக்கும் பி.ஆர்.ஓ. என்ற சொல்லைப் பரவலாக்கியது நிறுவனங்கள் அல்ல, திரைப்படத் துறைதான். எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய நாடோடி மன்னன் 1958இல் வெளியானபோது அதற்குச் செய்தித் தொடர்பாளராக இருந்த 'பிலிம் நியூஸ்' ஆனந்தனையே தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. என்று குறிப்பிடுகிறார்கள். புகைப்படக்காரராக இருந்து, படங்களைப் பற்றிய விவரங்களைத் தேதியோடும் பெயரோடும் திரட்டிச் சேமித்துவைத்தவர் அவர். செய்தியாளர் ஒரு விவரம் கேட்டால் அது கையில் இருக்க வேண்டும், அது சரியாகவும் இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் மதிப்பு அதிலிருந்துதான் வருகிறது. அரசுப் பக்கத்தில், ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் ஒருவர் இருக்கிறார். வெள்ளக் காலத்தில் அவர் எழுதும் பத்திரிகைச் செய்தியை ஒருமுறை படித்துப்பாருங்கள். எந்த அணை, எத்தனை கன அடி, எந்தக் கரையோர ஊர்கள், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று அலங்காரமே இல்லாமல் இருக்கும். தனியார் நிறுவனங்களுக்குப் பத்திரிகைக் குறிப்பு எழுதுகிற நாங்கள் அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய.

ஏனெனில் எங்கள் குறிப்புகளின் பொதுவான நோய், முதல் பத்தி முழுவதும் நிறுவனத்தின் பெருமையாகவே இருப்பது. உதவி ஆசிரியருக்கு ஒரு நாளில் எண்ணற்ற மின்னஞ்சல்கள் வருகின்றன. யார், எங்கே, எப்போது, என்ன, எவ்வளவு என்பது முதல் மூன்று வரிகளில் இல்லாவிட்டால் அவர் நான்காவது வரிக்குப் போவதில்லை. பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்று அவரே ஊகிக்கும்படி விடக் கூடாது. படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாக, பதவியோடு எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கம் முடிக்கிற மாலை நேரத்தில் அழைத்து 'எங்கள் செய்தி வருமா' என்று கேட்கவே கூடாது. பிரஸ் மீட் பதினொரு மணி என்று அழைத்துவிட்டு, நிர்வாக இயக்குநர் பன்னிரண்டரைக்கு வந்து இறங்கினால், அடுத்த முறை அந்தச் செய்தியாளர் வரமாட்டார். கோபம் நிறுவனத்தின் மேல் அல்ல, அழைத்த உங்கள் மேல்தான் இருக்கும். தொலைக்காட்சிக்காரர்களுக்கு மைக் வைக்க மேசையில் இடம் விட்டிருக்கிறதா, நிறுவனத்தின் பெயர் கேமராவில் தெரியும் உயரத்தில் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்க்கிற ஆளும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

மாத இறுதியில் வாடிக்கையாளர், இந்தச் செய்தி வந்த இடத்தை விளம்பரமாக வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுத் தரச் சொல்வார். மக்கள் தொடர்பின் மதிப்பு அதுவன்று என்று 2010இல் பார்சிலோனாவில் கூடிய இத்துறையினர் கொள்கையாகவே அறிவித்தார்கள். ஆயினும் அந்தக் கணக்கு இன்றும் கேட்கப்படுகிறது, கொடுக்கவும் படுகிறது. நான் அதைக் கொடுக்கும்போது, செய்தியைப் படித்துவிட்டு எத்தனை பேர் விசாரித்தார்கள் என்ற விவரத்தையும் கூடவே சேர்ப்பேன். இரண்டாவதைப் படிக்கத் தொடங்கிய வாடிக்கையாளர் நாளடைவில் முதலாவதைக் கேட்பதை விட்டுவிடுகிறார்.

சட்டத்தையும் சேர்கிற நாளிலிருந்தே கொஞ்சம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுமம் 1985இல் துறையினரே தங்களுக்கு அமைத்துக்கொண்டது. சமூக ஊடகப் பிரபலங்கள் காசு வாங்கிக்கொண்டு பேசும்போது அதை விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்ற நெறிமுறையை அது 2021இல் வகுத்தது. அதற்கும் மேலே, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு உற்பத்தியாளருக்கும் அதில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். 'முதன்மையான', 'நூறு சதவீதம்' போன்ற சொற்களை வாசகத்தில் போடச் சொல்லும்போது, அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

தொடக்கச் சம்பளம் குறைவு. அதே வகுப்பில் படித்துவிட்டு மென்பொருள் நிறுவனத்துக்குப் போனவரோடு ஒப்பிட்டால் இன்னும் குறைவாகத் தெரியும். வீட்டில் கேட்பார்கள், பதில் தயாராக இருக்கட்டும். சம்பளமே இல்லாத பயிற்சி என்று சொல்கிற இடங்களில், கல்லூரி விடுமுறையில் சில வாரங்கள் இருக்கலாம். பட்டம் வாங்கிய பிறகு அப்படி இருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நேர்காணலுக்குப் போகும்போது, கல்லூரிப் போட்டிகளில் வாங்கிய சான்றிதழ்களைவிட, உங்கள் ஊரில் உள்ள ஒரு உண்மையான கடைக்கோ சிறு தொழிலுக்கோ எழுதிய விளம்பரமும், அதே கடையைப் பற்றிய ஒரு பக்கப் பத்திரிகைக் குறிப்பும் பயன்படும். தேர்வு என்ற பெயரில் நடப்பில் உள்ள வாடிக்கையாளருக்கு முழுத் திட்டமே எழுதித் தரச் சொன்னால், ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'ஏதாவது கேட்க வேண்டுமா' என்று கடைசியில் கேட்பார்கள். அப்போது விடுமுறையைப் பற்றிக் கேட்பதற்கு முன், நான் எழுதுவதை வாடிக்கையாளரிடம் கொண்டுபோய்க் காட்டும்போது நானும் உடன் வரலாமா என்று கேளுங்கள். வரலாம் என்று சொல்கிற இடத்தில், சம்பளம் ஓராயிரம் இரண்டாயிரம் குறைவாக இருந்தாலும் சேர்ந்துவிடலாம்.