பேஜ் ஃபால்ட் கணக்கில் நான் தப்பு செய்த இடம்

கேட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாதிரித் தேர்வில் இந்தக் கணக்கு வந்தது. புரோகிராமைப் பக்கங்களாகப் (பேஜ்) பிரித்து வைப்பார்கள். ரேமில் ஒரு பக்கம் உட்காரும் இடம் ஃபிரேம். கேட்கும் பக்கம் ரேமில் இல்லாவிட்டால் அது பேஜ் ஃபால்ட், டிஸ்க்கிலிருந்து கொண்டுவர வேண்டும். கேட்கும் பக்க வரிசை 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5. ஃபிஃபோ முறை (முதலில் வந்த பக்கமே முதலில் வெளியேறும்), 4 ஃபிரேம். எத்தனை பேஜ் ஃபால்ட்? நான் 8 என்று போட்டேன். விடை 10. அன்று ராத்திரி அதையே 3 ஃபிரேமுக்குப் போட்டால் 9 வந்தது. ரேமில் இடத்தைக் கூட்டினால் ஃபால்ட்டும் கூடுகிறது! 1969இல் பெலாடியும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிக் காட்டிய முரண் இது.

என் 8 எப்படி வந்தது என்று தேடினேன். ஐந்தாவதாக 1 வரும்போது அது ஏற்கெனவே ரேமில் இருக்கிறது. அதை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்துவிட்டேன். அது எல்ஆர்யு முறை, அதாவது நெடுநேரம் தொடாத பக்கத்தை வெளியேற்றுவது. ஃபிஃபோவில் உள்ளே வந்த நேரம் மட்டுமே கணக்கு. நடுவில் எத்தனை தடவை தொட்டாலும் இடம் மாறாது. அதற்குப் பிறகு, ஃபிஃபோ கணக்கில் ஹிட் வந்தால் (கேட்கும் பக்கம் ஏற்கெனவே ரேமில் இருந்தால்) ஒரு டிக் மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். நீங்களும் இந்த வரிசையை இரண்டு முறையிலும் கையால் போட்டுப் பாருங்கள். எல்ஆர்யுவில் 3 ஃபிரேமுக்கு 10, 4 ஃபிரேமுக்கு 8 வர வேண்டும்.

அடுத்தது நேரக் கணக்கு. ரேமைத் தொட 100 நானோ விநாடி, ஒரு ஃபால்ட்டைச் சரிசெய்ய 8 மில்லி விநாடி என்று வைப்போம். ஆயிரத்தில் ஒரு தடவை ஃபால்ட் ஆனாலே சராசரி சுமார் 8,100 நானோ விநாடி, அதாவது 81 மடங்கு தாமதம். வேகம் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்றால் 8 லட்சம் தடவைக்கு ஒரு ஃபால்ட்தான் தாங்கும். வெர்ச்சுவல் மெமரி என்றால் டிஸ்க்கில் கடன் வாங்கிய ரேம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான், இப்போது புழங்கும் பக்கங்களை ரேமிலேயே வைத்திருப்பதற்குத்தான் இயங்குதளம் இவ்வளவு பாடுபடுகிறது என்று புரிந்தது. அலகை மாற்ற மறந்துவிடாதீர்கள். 1 மில்லி விநாடி 10 லட்சம் நானோ விநாடி.

ரேமுக்கு வந்தபின் ஒரு பக்கத்தில் மாற்றம் எழுதப்பட்டதா என்று காட்டும் டர்ட்டி பிட்டையும் விடாதீர்கள். மாற்றம் ஏதும் இல்லாத நிரல் பக்கத்தை அப்படியே கைவிடலாம், கோப்பு டிஸ்க்கில் இருக்கிறது. எழுதப்பட்ட பக்கமென்றால் முதலில் வெளியே எழுதி, பிறகுதான் புதியதை உள்ளே கொண்டுவர வேண்டும். கேள்வியில் இரண்டுக்கும் வேறு வேறு நேரம் கொடுத்திருப்பார்கள்.

ரேம் போதாமல் பக்கங்களை மாற்றுவதிலேயே நேரம் போய்விடும் நிலைக்கு த்ராஷிங் என்று பெயர். அந்தப் பாடத்தை மட்டும் புத்தகத்தோடு விடாமல் கண்ணால் பாருங்கள். 4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் டெர்மினலைத் திறந்து, நினைவக நிலவரத்தை விநாடிக்கு ஒரு தடவை காட்டும் ‘விஎம்ஸ்டாட் 1’ ஓட விட்டேன். பிரவுசரில் டேப்களை ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க, டிஸ்க்குக்குப் போகும் பக்கங்களைக் காட்டும் ‘எஸ்ஓ’, திரும்பி வருபவற்றைக் காட்டும் ‘எஸ்ஐ’ இரண்டும் எகிறின. சிபியு செய்யும் வேலை குறைந்து, டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் ‘டபிள்யுஏ’ ஏறியது. இந்த நிலையில் வேகமான சிபியு போட்டால் பயன் உண்டா என்று கேட்பார்கள். இல்லை, ஓடும் புரோகிராம்களைக் குறைக்க வேண்டும், அல்லது ரேமைக் கூட்ட வேண்டும். நான் பிரவுசரை மூடியதும் ‘எஸ்ஓ’ 0க்கு இறங்கியது. ‘எஸ்ஐ’ மட்டும் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு ஓடியது. வெளியே போன பக்கம், யாராவது தொட்டால்தான் திரும்பி வரும்.