தற்காலிகம்

எனக்குக் கீழே வேலை செய்கிற பையனை எல்லார் முன்னாலும் ஏசியிருக்கக் கூடாது. என் பிழை அது மட்டும்தான் என்று முதல் நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏசியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பதினொரு ஸ்கிரிப்ட், பதினொன்றிலும் ஒரே வரி. எஸ்எஸ்எச் என்பது தூரத்துச் சேர்வருக்குள் நுழையும் வழி; அதற்குப் பாஸ்வேர்டைத் தானாகக் கொடுக்கிற எஸ்எஸ்எச்பாஸ், மைனஸ் பீ, அதை ஒட்டியே சேர்வரின் பாஸ்வேர்ட். அப்புறம் ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங், அதாவது சேர்வரின் அடையாளமான ஹோஸ்ட் கீயைச் சரிபார்ப்பது, 'நோ'. தெரிந்த சேர்வர்களின் கீகளை வைத்திருக்கிற நோன் ஹோஸ்ட்ஸ் ஃபைல் இருக்க வேண்டிய இடத்தில் டெவ் நல், அதாவது எப்போதும் வெறுமையாகவே இருக்கிற ஃபைல். எதிரில் நிற்பது நம்முடைய சேர்வர்தானா என்று கேட்காதே, யாராக இருந்தாலும் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடு என்பதுதான் இதற்கு அர்த்தம். எஸ்எஸ்எச்பாஸ் அந்தப் பாஸ்வேர்டை மறைக்கப் பார்க்கும். ஆனாலும் சரியான கணத்தில் அதே மெஷினில் ஓடுகிற கட்டளைகளைக் காட்டும் பீஎஸ்ஸை ஒருவன் அடித்தால் கண்ணில் படும். போதாததற்கு எல்லாம் எங்கள் கோடைச் சேர்த்துவைக்கிற கிட் (Git) களஞ்சியத்திலும் ஏறியிருந்தது.

"என்னடா தம்பி இது? ஆரு உனக்கு இப்பிடி எழுதச் சொல்லித் தந்த?"

அவன் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "மாத்திடுறன் அண்ணன்" என்றான். அவ்வளவுதான்.

அடுத்த நாள் பின்னேரம், கல்லடிப் பாலத்தில் வாகனங்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் நான் கேட்ட கேள்விக்கு விடை ஞாபகம் வந்தது. சொல்லித் தந்தது நான்.

அது பெரும்போக அறுவடை நேரம். அம்பாறைப் பக்கம் ஒரு அரிசி ஆலை, நெல் கொள்வனவுக் கணக்கு முழுக்கச் சிங்கப்பூரில் இருக்கிற ஒரு சேர்வரில். இரவு இரண்டு மணிக்கு எங்கள் மெஷினிலிருந்து கிரான், அதாவது குறித்த நேரத்துக்குத் தானாக ஓடும் வேலை, போய் டேட்டாபேஸை டம்ப் பண்ணி, பேக்கப்பாகக் கொண்டுவரும். நாலு இரவாக ஒன்றும் வரவில்லை. ஃபைல்கள் மட்டும் திகதியோடு ஒழுங்காக இருந்தன, எல்லாம் சைபர் பைட். எஸ்எஸ்எச் தோற்பதற்கு முன்பே, கட்டளைகளை ஓட்டுகிற ஷெல் அந்த ஃபைலைத் திறந்து வைத்துவிடுகிறது அல்லவா, அதனால் பெயரை மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, ஐந்து மணி தாண்டிவிட்டது. "ஹோஸ்ட் கீ மாறிட்டு எண்டு கத்துது அண்ணன்" என்று வந்தான்.

"செக்கை ஓஃப் பண்ணிப்போட்டு ஓட்டு. தற்காலிகமாத்தான். மறுகா பாப்பம்."

போனவன் திரும்பி வந்தான். "இப்ப பாஸ்வேர்ட எடுக்குதில்ல."

என் மனம் சுற்றிச் சுற்றி வருவது இந்த இடத்துக்குத்தான். முதல் தரம் சொன்னதை அவசரம் என்று தள்ளிவிடலாம். ஆனால் பாஸ்வேர்டை ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். செக்கிங்கை 'நோ' என்று போட்டாலும், தெரிந்த சேர்வரின் கீ மாறியிருந்தால் ஓப்பன்எஸ்எஸ்எச் என்கிற எஸ்எஸ்எச் மென்பொருள் பாஸ்வேர்ட் லாகினை மறித்துவிடும். நடுவில் யாராவது நின்றால் பாஸ்வேர்ட் அவன் கைக்குப் போய்விடும் என்பதால் வைத்த தடை அது. ஒரு தரம் அல்ல, இரண்டு தரம் அந்த மென்பொருள் எங்களைக் கையைப் பிடித்து இழுத்தது. நான் நாற்காலியை விட்டு எழும்பாமலே, "நோன் ஹோஸ்ட்ஸை டெவ் நல்லுக்குக் குடு" என்றேன். பழைய கீ எதுவும் ஞாபகத்தில் இல்லாவிட்டால் மாறியதாகவும் தெரியாதே. ஓடியது. பேக்கப் வந்தது. இருவரும் வீட்டுக்குப் போனோம்.

நடந்தது என்னவென்றால், ஹோஸ்டிங் காரர்கள் சேர்வரைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை மெயில் வந்தது. அப்படிப் பார்த்தால் நான் சொன்னது சரிதான், ஒன்றும் களவு போகவில்லை. இதை எத்தனை தரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்று கணக்கில்லை. ஆனால் மெயில் வந்தது திங்கட்கிழமை. நான் சொன்னது வெள்ளிக்கிழமை. ஹோஸ்டிங் பக்கத்து வெப் கன்சோலில் போய், ஹோஸ்ட் கீயின் கைரேகை போன்ற சுருக்கத்தை எஸ்எஸ்எச் கீஜென் மைனஸ் எல் எஃப் கொடுத்துப் பார்த்து, இங்கே திரையில் காட்டுகிற ஷா256 எழுத்துகளோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். அதுவும் எனக்குத் தெரியும்.

எஸ்எஸ்எச் பிறந்ததே பாஸ்வேர்ட் திருட்டால்தான். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வேர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டு எடுக்க, தாது யூலொனென் இதை எழுதினார். இந்தக் கதையைப் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு. அவனுக்கும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அவனைச் செய்யச் சொல்லவில்லை, நானே இருந்து செய்தேன். பாஸ்வேர்டையும் மாற்றி, சேர்வரில் பாஸ்வேர்ட் லாகினையே நிறுத்தி, அதற்குப் பதிலாக ஈடி25519 வகைக் கீ ஜோடி போட்டாயிற்று. போலிச் சேர்வரில் போய் முட்டினாலும் எங்கள் பக்கம் இருக்கிற பிரைவேட் கீ கைமாறாது. சேர்வர் உள்ளே விடுகிற கீகளின் பட்டியலான ஆதரைஸ்ட் கீஸில் அந்தக் கீக்கு ரெஸ்ட்ரிக்ட் போட்டு, டம்ப் எடுக்கும் ஒரே ஒரு கட்டளையைக் கட்டிவைத்திருக்கிறேன். யாராவது கீயைக் களவெடுத்தாலும் அந்தச் சேர்வரில் வேறொன்றும் ஓட்ட முடியாது. பேட்ச் மோட் 'யெஸ்', கேள்வி கேட்டுக்கொண்டு தொங்காது. ஹோஸ்ட் கீயைக் கன்சோலில் சரிபார்த்துக் கையால் ஏற்றினேன். டம்ப் சைபர் பைட்டாக இருந்தால் மெயில் வரும்.

சரி, இனி கீ மாறினால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். பேக்கப் வராது. ஆலை முதலாளிக்கு நெல் கொள்வனவுக் கணக்கு களவு போவதைவிடக் காணாமல் போவதுதான் பெரிய இடி. அடுத்த முறையும் வெள்ளிக்கிழமை ஐந்து மணியாக இருந்தால் என்ன சொல்வேன் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவனுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் இருந்ததா? ஏசும்போது "நீங்கதானே சொன்னீங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கோபம் வந்திருக்கும் என்பதும் உண்மை. நானும் இன்னும் அவனிடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வரிகளை அழிக்கும்போதுதான் கவனித்தேன். முதல் ஸ்கிரிப்டில் அந்த வரிக்கு மேல் ஹேஷ் போட்டு ஒரு குறிப்பு எழுதியிருந்தான்: 'தற்காலிகம் - அண்ணன் சொன்னது'. மற்றப் பத்திலும் அதுவும் சேர்ந்தே கொப்பி ஆகியிருந்தது. அவனை ஏசிய அன்று அதை நான் வாசிக்கவே இல்லை, அல்லது வாசித்தும் கண்ணில் ஏறவில்லை. பதினொன்றையும் அழித்தேன்.

நான் செய்த மாற்றங்கள் ரிவியூவுக்கு எங்கள் வழக்கப்படி அவனுக்குத்தான் போகும். பத்து நிமிடத்தில் அப்ரூவ் பண்ணிவிட்டான். கொமெண்ட் எதுவும் எழுதவில்லை.